பீலேவா, மெஸ்சியா? முதலில் பாதையைப் பாருங்கள்!



உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் போதும், வகுப்பறையே கட்சி கட்சியாகப் பிரிந்துவிடும். 'மெஸ்சியை மிஞ்ச ஆளே இல்லை' என்று ஒரு கட்சி. 'ரொனால்டோ முன்னால் நிற்க முடியுமா?' என்று எதிர்க்கட்சி. சரி, வீட்டுக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? 'மாரடோனா ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்கியா?' என்பார் அப்பா. 'போங்கடா! எங்க பீலே கால் தூசிக்குப் பெறுவாங்களா இவங்க?' என்பார் தாத்தா. அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டு ஆறிப் போகும்.

இந்தச் சண்டை எனக்கும் பிடிக்கும். ஆனால், இதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. எத்தனை கோல், எத்தனை கோப்பை என்று மட்டும் எண்ணுகிறோம். எந்த விதியில் ஆடினார், எந்தப் பந்தில் ஆடினார், காலில் என்ன போட்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் பழைய வீரரையும் புதிய வீரரையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை என்பது என் கட்சி.

எப்படி என்கிறீர்களா? வாருங்கள், காரவள்ளிக்குப் போவோம்.

காரவள்ளிக் கணக்கு

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது காரவள்ளி. வல்வில் ஓரி ஆண்ட மலைக்கு வாசற்படி இந்த ஊர். இங்கே தொடங்கும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது நம் வயிறும் சேர்ந்து திரும்பும்!

இந்தச் சாலை வருவதற்கு முன் மலைக்கு ஏறியவர்கள் ஒற்றையடிப் பாதையில்தான் ஏறினார்கள். கல், முள், அட்டை, மழை எல்லாவற்றையும் தாண்டி, தலைச்சுமையோடு ஏறினார்கள். இப்போது ஒரு தாத்தா அப்படி நடந்து ஏறினார் என்றும், அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளில் ஏறினான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேரன்தான் சீக்கிரம் போய்ச் சேருவான். அதற்காக, 'தாத்தாவைவிட நான் பலசாலி' என்று அவன் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா?

அதே சமயம், பேரனையும் மட்டம் தட்டக் கூடாது. 70 வளைவுகளிலும் வண்டி சாயாமல், எதிரே வரும் பஸ்சுக்கு வழி விட்டு ஓட்டுவது விளையாட்டுக் காரியமா? அதற்கு வேறு திறமை வேண்டும். தாத்தாவை நடைபாதையில் வைத்துப் பார்க்க வேண்டும். பேரனைச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 'காரவள்ளிக் கணக்கு' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். கால்பந்துக்கும் இதே கணக்குதான்.

அட்டை இல்லாத காலம்

பீலே 1958-ல் முதல் உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 17. அந்த ஒரே போட்டியில் 6 கோல் போட்டார். சுவீடன் நாட்டில் நடந்த அந்தப் போட்டிக்குப் பிறகு உலகமே அவரைக் கவனித்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களும் கவனித்தார்கள்!

1966-ல் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. பல்கேரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பீலேயை உதைத்தார்கள். போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தில் மறுபடியும் உதைத்தார்கள். அவர் நொண்டி நொண்டித்தான் ஆட்டத்தை முடித்தார். 'ஏன், மாற்று வீரரை இறக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். இறக்க முடியாது! அப்போது உலகக் கோப்பையில் மாற்று வீரர் விதியே இல்லை. 11 பேர் இறங்கினால், அந்த 11 பேர்தான். கால் உடைந்தாலும் 10 பேரோடு ஆட வேண்டியதுதான். பிரேசில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பியது.

சரி, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டக் கூடாதா? அதுவும் அப்போது கிடையாது. நடுவர் வாயால்தான் எச்சரிப்பார். அதே 1966-ல் இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் பெரிய குழப்பம். நடுவர் ஜெர்மானியர், வெளியே போகச் சொன்னது அர்ஜென்டினாவின் கேப்டன் ராட்டினை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை. ராட்டின் போக மறுத்து நின்றார். ஆட்டம் பல நிமிடம் நின்றுபோனது.

அந்தப் போட்டியின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். அவர் யார் தெரியுமா? பள்ளிக்கூட ஆசிரியர்! எல்லா மொழிக்காரர்களுக்கும் புரியும்படி எப்படி எச்சரிப்பது என்று யோசித்துக்கொண்டே லண்டனில் கார் ஓட்டிப் போனார். எதிரே போக்குவரத்து சிக்னல். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் நில்! பொறி தட்டியது. 1970-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் முதன்முறையாக மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. மாற்று வீரர்கள் இருவரை இறக்கலாம் என்ற விதியும் அதே போட்டியில்தான் உலகக் கோப்பைக்குள் வந்தது. அந்தக் கோப்பையை வென்றது யார்? பீலேயின் பிரேசில்!

இன்று மெஸ்சியை யாராவது பின்னாலிருந்து வெட்டினால் அட்டை உண்டு. நடுவர் கவனிக்காவிட்டாலும் வீடியோ கவனிக்கும். காயம் பட்டால் உடனே மருத்துவர் ஓடி வருவார். மாற்று வீரர்கள் ஐந்து பேர் வரை இறங்கலாம். 2006 முதல் 2022 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் மெஸ்சி ஆட முடிந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம். அவருடைய காலைக் காப்பாற்றிய விதிகள் இன்னொரு காரணம்.

அப்படியானால் இன்றைய வீரர்களுக்கு எல்லாமே சுலபமா?

அதுதான் இல்லை!

1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டிய பந்து கோலாகிவிட்டது. நடுவர் பார்க்கவில்லை, கோல் என்று சொல்லிவிட்டார். இன்று அது செல்லாது. 2018 உலகக் கோப்பையிலிருந்து வீடியோ உதவி நடுவர் வந்துவிட்டார். கை பட்டாலும் தெரியும், தோள்பட்டை அளவு ஆஃப்சைடு என்றாலும் தெரியும். பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கருவி 2014 உலகக் கோப்பையிலேயே வந்துவிட்டது. ஏமாற்ற வழியில்லை!

கோல்கீப்பர்களைக் கேளுங்கள். முன்பெல்லாம் தன் அணி வீரர் காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி இதையே திரும்பத் திரும்பச் செய்து நேரத்தை ஓட்டும். 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களுக்கு 115 கோல்கள்தான். உலகக் கோப்பை வரலாற்றிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக மிகக் குறைந்த கோல் கிடைத்தது அதில்தான். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். 1992-ல் விதி மாறியது. தன் வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. அதிலிருந்து கோல்கீப்பரும் காலால் பந்தாடக் கற்றாக வேண்டியதாயிற்று. அன்றைய சிறந்த கீப்பர்கள் பலர் வெறுங்கையோடு பந்து பிடித்தார்கள். இன்றைய கீப்பர் நல்ல கையுறை போட்டிருக்கிறார். ஆனால் இரண்டு வேலை பார்க்கிறார்.

பந்தும் மாறியது. அந்தக் காலத் தோல் பந்து மழையில் நனைந்தால் கனத்துப் போகும். தலையால் முட்டினால் பொறி கலங்கும்! இன்றைய பந்து தண்ணீரைக் குடிக்காது. ஆனால் வேகமாகப் பறக்கும். வீரர்களும் வேகம். யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு.

ஆக, அன்று ஒரு கஷ்டம். இன்று வேறு கஷ்டம். தாத்தாவுக்கு முள் பாதை. பேரனுக்குக் கொண்டை ஊசி வளைவு.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஏனென்றால், இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

1948, லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஓர் ஆண்டுகூட முழுதாக முடியவில்லை. நம் அணி பிரான்சை எதிர்த்து இறங்கியது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். நம் வீரர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸே இல்லை! சிலர் துணிக்கட்டு மட்டும் போட்டிருந்தார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. 2-1 என்று பிரான்ஸ் வென்றது. ஆனாலும் கைதட்டல் நமக்குத்தான்.

1950 உலகக் கோப்பைக்கு நமக்கு இடம் கிடைத்தது. ஆனால் நம் அணி பிரேசிலுக்குப் போகவில்லை. 'வெறுங்காலில் ஆடக் கூடாது என்றதால்தான் போகவில்லை' என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அந்த அணியின் கேப்டனாகப் போயிருக்க வேண்டிய சைலேன் மன்னா பின்னாளில் வேறு காரணம் சொன்னார். அன்று நம் சங்கத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை என்றார் அவர். பாருங்கள், பழைய கதை இனிக்கிறது என்பதற்காக அப்படியே விழுங்கிவிடக் கூடாது!

1951-ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் அடித்த கோல் அது. 'வெறுங்காலே போதும்' என்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

அடுத்த ஆண்டே பாடம் கிடைத்தது. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர் தேசம். யூகோஸ்லாவியாவை எதிர்த்து மறுபடியும் பலர் வெறுங்காலில் இறங்கினார்கள். முடிவு? 10-1. பத்து கோல் வாங்கியது நாம்தான். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று நம் சங்கம் விதி போட்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நான்கே ஆண்டுகள். 1956, மெல்போர்ன் ஒலிம்பிக். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வீழ்த்தினோம். நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் 'ஹாட்ரிக்' அடித்த முதல் ஆசியர் அவர்தான். அந்த ஒலிம்பிக்கில் நமக்கு நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் தங்கம். பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலோடு நின்றார்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் இருந்தார். ஹைதராபாத்காரர். அவரும் பள்ளி ஆசிரியர்தான்! அட்டை கண்டுபிடித்ததும் ஓர் ஆசிரியர், தங்கம் வாங்கித் தந்ததும் ஓர் ஆசிரியர். உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்து போவார். அடுத்த பீரியடும் விளையாட்டு பீரியட் ஆகலாம்!

பூட்ஸ் மட்டுமே தங்கம் வாங்கித் தந்ததா? இல்லை. ஆனால் நம் பையன்களிடம் திறமை 1948-லேயே இருந்தது. அதற்குப் பூட்ஸும் பயிற்சியும் சேர்ந்தபோதுதான் பத்து கோல் வாங்கிய அணி ஒலிம்பிக்கில் நான்காவது இடத்துக்கு வந்தது. இதுதான் நான் சொல்ல வருவது.

'வெறுங்கால் வீரர்கள்' என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டும், அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் வெறுங்காலையே பெருமை ஆக்கிவிடக் கூடாது. 'அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலில் ஆடவில்லையா? உனக்கு எதற்குடா பூட்ஸ்?' என்று யாராவது சொன்னால், ஹெல்சிங்கி கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள்!

'சரி, இப்போது பூட்ஸும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. 1962-க்குப் பிறகு ஆசியத் தங்கம் எங்கே?' என்று நீங்கள் மடக்கலாம். நல்ல கேள்வி. இங்கேயும் காரவள்ளிக் கணக்குதான். நாம் நின்ற இடத்திலேயே மற்றவர்கள் நிற்கவில்லை. ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் தொழில்முறை லீக் தொடங்கினார்கள்; 1998-ல் முதல் உலகக் கோப்பை ஆடிவிட்டார்கள். நம் தேசிய லீக் 1996-ல்தான் தொடங்கியது. இன்றைய நம் வீரர் சோம்பேறி அல்ல. அவர் ஏற வேண்டிய மலை இப்போது உயரம். சுனில் சேத்ரி நாட்டுக்காக 90-க்கு மேல் கோல் அடித்திருக்கிறார். அதற்காக 1962-ன் கேப்டன் சுனி கோஸ்வாமியைவிட அவர் பெரியவர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அன்று நம் அணி ஆடிய சர்வதேச ஆட்டங்களே குறைவு. சேத்ரியைச் சின்னவர் என்றும் சொல்ல முடியாது. அவர் எதிர்த்து ஆடிய ஆசியா வேறு.

சம்பளமும் சட்டையும்

அன்றைய நம் வீரர்களுக்குக் கால்பந்து மட்டும் சோறு போடவில்லை. 1948 அணியின் கேப்டன் தாலிமெரென் ஆவ் மருத்துவம் படித்து டாக்டரானார். பி.கே. பானர்ஜி ரயில்வேயில் வேலை பார்த்து, ரயில்வே அணிக்கே ஆடினார். பீட்டர் தங்கராஜ் ராணுவ வீரர். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்கு ஆடினார். அந்த மலையிலிருந்து இறங்கி வந்த அணி 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. மலைக்காரர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்!

இன்று கிளப் சம்பளம் தருகிறது. உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆள் வைக்கிறது. சிறு வயதில் மெஸ்சிக்கு உயரம் வளரவில்லை. அதற்கான சிகிச்சைச் செலவை பார்சிலோனா கிளப் ஏற்றது. அந்தச் செலவை யாரும் ஏற்காமல் இருந்திருந்தால்? நமக்கு அந்த மெஸ்சியே கிடைத்திருக்க மாட்டார்!

விதி மாறினால் ஆளே மாறலாம் என்பதற்கு இன்னொரு சாட்சி, நம் அக்காமார்கள். 1921-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கம், தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய 50 ஆண்டு அந்தத் தடை இருந்தது! பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையே 1991-ல்தான் நடந்தது. அந்தக் காலத்தில் பெண் பீலே இல்லையா என்றால், இருந்திருக்கலாம், மைதானத்துக்குள் விடவில்லை. கதவு திறந்த பிறகு பாருங்கள். 2018-லும் 2023-லும் தேசியப் பெண்கள் கால்பந்து பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார். காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்தார்.

அடுத்த முறை சண்டை வந்தால்...

மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, அவர் ஆடிய காலத்து விதி என்ன? இரண்டு, அவர் காலிலும் கையிலும் என்ன இருந்தது? மூன்று, அவரை எதிர்த்து ஆடியவர்கள் யார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பீலே என்று சொல்லுங்கள், மெஸ்சி என்று சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். என் ஓட்டு யாருக்கு என்கிறீர்களா? 17 வயதில் கனத்த தோல் பந்தில் உலகத்தை மயக்கிய பீலேவுக்கு ஒரு ஓட்டு. ஒரு தப்படியைக்கூட வீடியோ விட்டுவைக்காத காலத்தில் ஆடும் மெஸ்சிக்கு ஒரு ஓட்டு. கள்ள ஓட்டு என்று கத்தாதீர்கள்!

நான்காவதாக ஒரு கேள்வி, பெரியவர்களுக்கு. மலை ஊரிலோ, மலையடிவார ஊரிலோ இன்றைக்கும் ஒரு பிள்ளை வெறுங்காலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தால், அதைப் படம் பிடித்து 'என்ன திறமை!' என்று வியந்துவிட்டுப் போகலாமா? அந்தப் பிள்ளையின் கால் அளவு என்ன என்று கேட்க வேண்டாமா?

குட்டீஸ், உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அணியில் பூட்ஸ் உள்ளவர் நான்கு பேர், இல்லாதவர் ஏழு பேர் என்றால், பயிற்சி ஆட்டத்தில் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டு ஒரே மாதிரி ஆடுங்கள். பூட்ஸ் கால் வெறுங்காலை மிதித்தால் விரல் நசுங்கும். நியாயமான ஆட்டத்துக்கு முதல் விதி அதுதான். பிறகு பதினொரு பேரும் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் போய், பதினொரு ஜோடி பூட்ஸ் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது ஆசை. பதினொரு பேர் சேர்ந்து கேட்டால் அது அணி!